கடைசியாக எப்போது சண்டை போட்டீர்கள்?

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டதும் அவள் அதிகாரியாகிவிட்டாள். கண்ணாடி என்னவோ அவனுடையதுதான். சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் அவள். எதிரே, பஸ் டிரைவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவன். நடுவில் வக்கீல் கொடுத்த எழுபது கேள்விகள். நாளை மறுநாள் குடியேற்ற அலுவலகத்தில் புருஷன் பெண்டாட்டி இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து இதையெல்லாம் கேட்பார்கள். பதில்கள் ஒத்துப்போனால் அவள் இங்கேயே தங்குவதற்குக் கார்டு. இல்லையென்றால் கல்யாணமே பொய் என்று எழுதி அவளை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு இதென்ன பெரிய பரீட்சை என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

"உங்க மனைவி கட்டில்ல எந்தப் பக்கம் படுப்பாங்க?"

"சுவர்ப் பக்கம்."

"தப்பு. நீங்க எழுந்து போனதும் உங்க பக்கம் வந்துடுவேன். அங்கதான் கதகதப்பா இருக்கும்."

"நான் போனப்புறம் நடக்கிறதுக்கெல்லாம் நான் எப்படிம்மா பொறுப்பு?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முதல் பஸ்ஸை எடுக்க அவன் விடியுமுன்னே கிளம்பிவிடுவான். அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மாலை ஷிப்ட். இருவரும் கண்ணை முழித்தபடி ஒருவரையொருவர் பார்ப்பது இந்த மத்தியான இரண்டு மணி நேரம்தான். அதிலும் பாதி, துணி காயப்போடுவதிலும் பாத்திரம் துலக்குவதிலும் போய்விடும்.

நாற்பத்தொன்றாவது கேள்விக்கு வந்தார்கள். கடைசியாக எப்போது சண்டை போட்டீர்கள்?

"நமக்குள்ள ஏது சண்டை? அடுத்தத கேளு."

அவள் அடுத்ததைக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "போன மாசம் மூணு நாள் நான் உங்ககிட்ட பேசவே இல்ல."

"அது... உனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சே!"

"அப்படின்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்க."

பாவி மனுஷன், மருந்துக்கடைக்கு ஓடிப்போய் சப்புகிற மாத்திரை வாங்கிவந்து, ஃபிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிவைத்து, பேசாதே பேசாதே என்று கையால் ஜாடை வேறு காட்டியிருந்தான். அவளும் கோபத்தோடு கோபமாக அத்தனை மாத்திரையையும் சப்பித் தீர்த்திருந்தாள். அதை நினைத்ததும் இருவருக்கும் சிரிப்புப் பீறிட்டது. அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

"பெரிய கட்டிலா வாங்கலாமான்னு கேட்டேன். கார்டு வரட்டும்னீங்க. குழந்தையப் பத்திக் கேட்டேன். அதுக்கும் கார்டு வரட்டும். சரி, வரலைன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். அப்ப பார்த்துக்கலாம்னு திரும்பிப் படுத்துட்டீங்க."

சொன்னது உண்மைதான். பதினோரு வருஷத்துக்கு முன் பஸ் கழுவுகிறவனாக வந்தவன், ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்குள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதை விட்டுவிட்டுப் போவதைப் பற்றி யோசிக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. இப்போதாவது ஏதாவது சொல்லித் தொலைக்கலாம். மேஜைமேல் கிடந்த கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தான்.

"இதெல்லாம் அங்க போய்ச் சொல்ல முடியுமா?" என்று அவளே முடித்துவைத்தாள். "ஜன்னல் சண்டைன்னு சொல்லிடலாம். நீங்க தொறக்கணும்னீங்க, நான் மூடணும்னேன். சரியா?"

"சரி" என்றான்.

இரண்டு நாள் கழித்து, குடியேற்ற அலுவலகத்தில் அவனை விசாரித்த அதிகாரி அம்மாள் தன்மையாகத்தான் கேட்டார். அவனும் கடகடவென்று சொல்லிக்கொண்டே வந்தான். சண்டை என்றதும், "ஜன்னல்" என்று ஆரம்பித்தான். மூன்று நாள் அவள் ஒருத்தியாகவே போட்ட சண்டை. அதையும் நடக்கவில்லை என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டான்.

அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்தினார். கார்டு கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அது வக்கீலின் தாளில் இல்லாத கேள்வி. அவன் பதில் சொன்னான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு அறையிலிருந்து அவள் சிரித்த முகமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஜன்னல் சண்டைய அடிச்சு விட்டேன் பாருங்க, எனக்கே நெஜம்னு தோணிடுச்சு."

"நான் அதச் சொல்லலம்மா."

"பின்ன?"

"நடந்ததச் சொல்லிட்டேன்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயோ, கெடுத்தீங்களே! ரெண்டு பேரும் ரெண்டு சொன்னா நம்புவாங்களா? என்னை அனுப்பிடுவாங்களே!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"வரலைன்னா என்ன பண்ணுவீங்கன்னு அந்தம்மாவும் கேட்டாங்க."

உலுக்கிய கை நின்றது. "என்ன சொன்னீங்க?"

"நானும் கூடவே கெளம்பிடுவேன்னு." அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தபடி சொன்னான். "அங்கயும் பஸ் ஓடும்ல."

கதவு திறந்தது. இரண்டு கோப்புகளையும் ஒன்றாக அணைத்துப் பிடித்தபடி அதிகாரி அம்மாள், இருவரும் சேர்ந்து உள்ளே வரவேண்டும் என்றார். அவன் எழுந்தான். அவள் எழவில்லை. கதவு மூடிவிடாமல் தோளால் தாங்கிக்கொண்டு அந்த அம்மாள் மறுபடியும் கூப்பிட்டார். அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து மறுபடியும் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.