தானாக எழும் எஞ்சின்

ஷோரூமில் அவருக்கு வாத்தியார் என்று பெயர். ஹைபிரிட் வண்டி பார்க்க யார் வந்தாலும் பாடம் நடத்தாமல் விடமாட்டார். பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின்மோட்டாரும் உண்டு. மெதுவாகப் போனால் மோட்டார் மட்டும் இழுக்கும், மேடு வந்தால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும், பிரேக் பிடித்தால் வீணாகிற வேகம் பேட்டரிக்குத் திரும்பும், பேட்டரி இறங்கினால் எஞ்சின் தானே எழுந்து சார்ஜ் ஏற்றும். இத்தனையும் கேட்டுவிட்டு, இதை எங்கே சொருகிச் சார்ஜ் போடுவது என்பார்கள். சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் புளித்துவிட்டது.

அன்று தொண்டை கட்டிக்கொண்டதால் வெயில் தாழும் முன்பே வீட்டுக்கு வந்தார். மாடிக்குக் கீழே கார் ஷெட்டின் ஷட்டர் மூடியிருந்தது. உள்ளே அவர்கள் வீட்டு ஹைபிரிட் வண்டியின் எஞ்சின் ஓடுகிற சத்தம். யாரோ அணைக்க மறந்துவிட்டார்கள் என்று எரிச்சலோடுதான் ஷட்டரைத் தூக்கினார். புகை நெடி முகத்தில் அடித்தது. முன் சீட்டைச் சாய்த்துப் போட்டு, நர்ஸ் உடுப்போடு அவர் மனைவி கிடந்தாள்.

அவருக்கு உயிரே போய்விட்டது. வண்டியை அணைத்து, அவளை வெளியே இழுத்து வந்து வாசற்படியில் சாய்த்தார். ஒருமுறை வாந்தி எடுத்தபின் கண் திறந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பதறினார்.

"அங்கேருந்துதானே வர்றேன்," என்றாள்.

பயம் கோபமாக மாறியது. வண்டியை அணைக்காமல் தூங்கலாமா, எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று கத்தினார். அவள் முனகலாகச் சொன்னாள்: சத்தமே இல்லை, ஏசி காற்று மட்டும் வந்தது, எஞ்சின் எப்போது எழுந்தது என்றே தெரியாது. தினமும் வேலை முடிந்து வந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் இப்படித்தான் கிடப்பாளாம். மைலேஜ் ஏன் குறைகிறது என்று அவர் சில நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். டயரில் காற்றுவரை பார்த்தாயிற்று.

"மேல போய் படுக்க வேண்டியதுதானே?"

"மேல போனா வேலை பிடிச்சுக்கும். இங்க இருந்தா நான் வந்ததே யாருக்கும் தெரியாது."

வாத்தியாருக்கு வெட்கமாக இருந்தது.

மாடியிலிருந்து அவருடைய அம்மா மாத்திரை கேட்டுக் குரல் கொடுத்தாள். முழங்கால் வலிக்காரி, படி இறங்க மாட்டாள். குரல் கேட்டதும் இவள் கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

"நீ உக்காரு. நான் குடுத்துட்டு வர்றேன், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறோம்."

படிகளைத் தாவி ஏறினார். அலமாரியில் வரிசையாக மாத்திரை டப்பாக்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அம்மாவைக் கேட்டார். அதெல்லாம் மருமகள்தான் கொடுப்பாள் என்றாள் அம்மா. வேறு வழியில்லாமல் எல்லா டப்பாக்களையும் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு கீழே வந்தார்.

அவள் ஒன்றைத் தொட்டுக் காட்டினாள்.

"நீல மூடி. சாப்பிட்டிருந்தாதான் குடுக்கணும். அத்தை சாப்பிட்டாங்களா?"

அதுவும் அவருக்குத் தெரியவில்லை.