கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

…இருட்டில் பார்க்கிற இந்தக் கருவியில் சின்னதா, பெரியதா, பெரியதைக் கையில் எடுத்தால் என் கட்டைவிரல் பொத்தானுக்கு எட்டவே மாட்டேன் என்கிறது, ஆனால் வீட்டில் இருக்கிற இவர் கை என் கை மாதிரியா, சின்ன வயதிலிருந்து பிரஷ் பிடித்த கை, ஒரு வாளி பெயின்ட்டை இரண்டு விரலில் மாட்டிக்கொண்டு சாரத்தில் ஏறும், ஏறும் என்ன ஏறும், ஏறிக்கொண்டிருந்தது என்று சொல்லடி… ஐயோ, அதை ஏன் முடிந்துபோனது மாதிரி நினைக்கிறேன், கை நன்றாகத்தானே இருக்கிறது, கால்தான். காலும் நன்றாகத்தான் இருக்கிறதாம். எலும்பு கூடிவிட்டது, இனிமேல் இவர் எழுந்து நடந்தால்தான் உண்டு என்று பிசியோதெரபி பெண் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள், சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள், நான் என்னவோ கட்டிப்போட்டு வைத்திருக்கிற மாதிரி. ஐந்து மாடி உயரத்தில் பலகை மேல் நின்று பாட்டுப் பாடிக்கொண்டு வெள்ளையடித்த மனிதர், யார் வீட்டிலோ ஓர் அறைக்குள், ஏணியில் மூன்றாவது படியிலிருந்து விழுந்தார் என்றால் யார் நம்புவார்கள், விழுந்தவருக்கே நம்பிக்கை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள், அவ்வளவுதான், அதற்குப் பிறகு கீழே வரவே இல்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்கு நடக்கிறார், சமையலறைக்கு வந்து ருசி பார்க்கிறார், உப்பு குறைவு என்கிறார், மாடிப்படி வரைக்கும் போகிறார், மேலே நின்று எட்டிப் பார்க்கிறார், திரும்பி வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொள்கிறார். அந்த ஜன்னலும் அதற்கு வெளியே வருகிற மான்களும்தான் இப்போது அவருக்கு உலகம்.

"அக்கா, அது பெரிய லென்ஸ், ரொம்ப தூரம் எடுக்கும், வேட்டைக்குப் போறவங்க, காட்டு இலாகா ஆளுங்க எல்லாம் அதைத்தான் கேப்பாங்க" என்கிறார் கடைக்காரர், எனக்கு எதற்கு வேட்டை, என் வீட்டுப் பின்பக்கம் ஒரு சரிவு, புல்லும் புதருமாக, பொழுது சாய்கிற நேரத்தில் மேலேயிருந்து மான்கள் இறங்கி வந்து மேயும், அதைப் பார்க்கத்தானே கேட்கிறேன். வெளிச்சம் இருக்கிற வரை ஒரு தகராறும் இல்லை, எத்தனை வந்தது, எது கொம்பன், எது எதை முட்டியது என்று எனக்குச் செய்தி வாசிப்பார், நிறம் சொல்வதைக் கேட்க வேண்டுமே, மான் நிறம் என்று சொன்னால் போதாதா, இதில் கொஞ்சம் காவி தூக்கல், அதில் இரண்டாவது கோட் அடிக்கவில்லை என்பார். வெளிச்சம் போனதும்தான் வம்பு. கடைசியாக ஒரு பெட்டை மான் தனியாக வருகிறதாம், அதன் காலடியில் ஏதோ ஒன்று அசைகிறதாம், குட்டி என்கிறார், நான் முயல் என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், அன்றிலிருந்து தினமும் இதே பஞ்சாயத்து. முயல் மான் பின்னாடியே போகுமாடி, போகாதுதான், ஆனால் ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் அந்தச் சண்டையில்தான் அவர் குரல் பழையபடி எழும்புகிறது. நாத்தனாரிடம் போனில் சொன்னால், மானாம் மானு, ஒரு பெரிய டிவி வாங்கி மாட்டுங்க அண்ணி, அண்ணன் பாட்டுக்குப் பார்த்துக்கிட்டு கெடக்கட்டும் என்கிறாள். கிடக்கட்டுமாம்! கிடக்க வைப்பதற்கா அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து இங்கே நிற்கிறேன்.

சரி, கவனி, கடைக்காரர் ஏதோ சொல்கிறார். பெட்டியில் தூரம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அவ்வளவு தூரத்தில் 'ஏதோ ஒன்று இருக்கிறது' என்று மட்டும்தான் தெரியுமாம், அது மானா மாடா மனுஷனா என்று தெரிய வேண்டுமானால் அதில் பாதிக்குப் பாதி கிட்டே வர வேண்டுமாம். அட, இது நியாயமான பேச்சாக இருக்கிறதே, எங்கள் சரிவு அவ்வளவு ஒன்றும் தூரமில்லை, அப்படியானால் சின்னதே குட்டியா முயலா என்று காட்டிக்கொடுத்துவிடும், அதுவும் அகலமாகக் காட்டுகிறது, பெரியதில் ஒரு மானைப் பிடித்தால் பக்கத்து மானைத் தேட வேண்டியிருக்கிறது. இதில் வெளிச்சமே வேண்டாமாம், உடம்புச் சூட்டைத்தான் பார்க்குமாம். பொத்தானை அழுத்த அழுத்த நிறம் மாறுகிறது, சூடு இருக்கிற இடம் சிவப்பு, அடுத்து ஊதாவும் மஞ்சளுமாகக் கண்றாவி, அதை மட்டும் இவர் பார்த்தால் எள்ளும் கொள்ளும் வெடிக்கும், கடைசியில் வெறும் கறுப்பு வெள்ளை, சூடாக இருப்பது வெள்ளை, அதுதான் சரி, வெள்ளையடிக்கிறவருக்கு வெள்ளை. நடுநடுவே உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், படம் ஒரு கணம் நின்று மறுபடி ஓடுகிறது, கெட்டுப்போச்சோ என்று பதறிவிட்டேன், அது தன்னையே சரிபார்த்துக்கொள்கிற சத்தமாம், எல்லாவற்றிலும் உண்டாம். மனுஷருக்கும் அப்படி ஒரு 'டக்' இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

தெருவைப் பார்க்கலாம் என்று கண்ணில் வைத்தபடியே கடை முகப்புப் பக்கம் திரும்பினேன், யாரோ ஒரு பெண்பிள்ளை, குண்டாக, வெள்ளைவெளேரென்று, ஒரு கையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தபடி நிற்கிறாள், யாருடி இவள், நகர மாட்டாளா, நான் ஓரடி நகர்ந்தேன், அவளும் நகர்ந்தாள், அப்புறம்தான் உறைத்தது, சீ, நான்தான். வாசல் பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் பஸ், சைக்கிள், சனங்கள் எல்லாம் வெறும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது, கருவி வழியே பார்த்தால் ஒன்றுமில்லை, நான் மட்டும் நிற்கிறேன். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கண்ணாடி வழியா பார்க்காதுக்கா, சூடு அதைத் தாண்டி வராது, பார்க்கிறவங்க முகந்தான் தெரியும். வெளிய நின்னுதான் பார்க்கணும்" என்றார். வெளியே நின்றா. எங்கள் பின்பக்க ஜன்னல் திறக்கிற ஜன்னல் இல்லை, வீட்டுச் சொந்தக்காரர் சிக்கனம் பார்த்து ஒரே கண்ணாடியாகப் பதித்துவிட்டார், திறக்கிற ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கிறது, அங்கே எந்த மான் வரப் போகிறது? மான் பார்க்கிற கருவி என்று பெயர், ஒரு கண்ணாடியைத் தாண்டத் துப்பில்லை. இதைத்தான் முதலில் சொல்ல மாட்டாரா இந்த மனுஷர், தூரம் தூரம் என்று தலையைத் தின்றாரே, கோபத்தில் கருவியை மேசை மேல் கொஞ்சம் ஓங்கியே வைத்துவிட்டேன், பாவம், அவர் என்ன செய்வார், நான்தான் ஜன்னலைப் பற்றி வாயே திறக்கவில்லையே.

வெளியே போய்ப் பாருங்கக்கா என்று சின்னதைக் கையில் திணித்து வாசலில் நிறுத்தினார், பார்த்தேன். அடேயப்பா. தெரு முழுக்க வெள்ளை வெள்ளையாக உயிர், எதிர் மரத்தில் இருக்கும் என்றே நான் நினைக்காத ஒரு பறவை, கார் அடியில் ஒரு பூனை, பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் யாரும் இல்லை, ஆனால் இப்போதுதான் எழுந்துபோன யாரோ உட்கார்ந்த இடம் மட்டும் வெளுப்பாக, மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு… இவர் இதைப் பார்க்க வேண்டும் என்று அப்படியே மனசுக்குள் ஓர் ஆசை எழும்பியது. இவர் பார்க்க வேண்டுமானால் கீழே வர வேண்டும். கீழே வர வேண்டும். அங்கேயே நின்று அதை இரண்டு மூன்று தடவை எனக்குள்ளே சொல்லிப் பார்த்தேன், பிசியோதெரபி பெண் கெஞ்சிக் கேட்டு வரவில்லை, நாத்தனார் அழுது கேட்டு வரவில்லை, ஒரு குட்டிக்காக வருவாரா? வந்தாலும் வருவார். இல்லை, ஏமாற்றிவிட்டாய் என்று கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மானும் வேண்டாம் மண்ணும் வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டால்? இருக்கிற ஒரே ஒரு பிடிப்பும் என்னாலேயே போனதாகிவிடுமே. கடைக்காரர் காத்திருக்கிறார், பெரியது மூணுகால் ஸ்டாண்டில் வைத்துப் பார்க்க நல்லது, உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்கிறார். உட்கார்ந்தபடி. "சின்னதையே குடுங்க, நின்னுக்கிட்டுப் பார்க்கிறதுக்கு" என்றேன், சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

பஸ்ஸில் வரும் வழி முழுக்க ஒத்திகை. முதலிலேயே சொல்லிவிடலாமா, ஏங்க, இதுல ஒரு சின்ன சங்கடம்… வேண்டாம், சங்கடம் என்ற வார்த்தையைக் கேட்டாலே சரி விடு என்பார். வேலை பார்க்கிற பஸ் டிப்போவில் மைக்கைப் பிடித்தால் நான் எப்படிப்பட்ட டிரைவரையும் ஒரே வரியில் வண்டியை எடுக்க வைப்பேன், இரண்டாவது நடைமேடை வண்டி கிளம்பலாம் என்று சொன்னால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்கள், இந்த ஒரு வண்டி மட்டும் என் பேச்சுக்குக் கிளம்புவதில்லை. என் நிறுத்தம் வந்துவிட்டது, ஒன்றும் முடிவாகவில்லை, மடியில் பெட்டி, அதன் மேல் என் இரண்டு கையும், ஏதோ முட்டை எடுத்துப் போகிற மாதிரி.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, இவர் ஜன்னலில். பெட்டியைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி கையை நீட்டினார், எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது, விளக்கு கூடப் போடவில்லை, எந்தப் பொத்தான் எதற்கு என்று மட்டும் காட்டினேன். வாங்கியதும் முதல் வேலையாகக் கண்ணாடிப் பக்கம்தான் திரும்பினார், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். "என்னடி இது, ஒரு ஆளு உக்காந்திருக்கான்" என்றார். கருவியைக் கொஞ்சம் திருப்பினார். "பின்னாடி ஒருத்தி நிக்கிறா." தலையை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். "இவன் நான்தானா?" என்றார், குரலில் சிரிப்பா கோபமா பிரிக்க முடியவில்லை. "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்காதுங்க, வெளிய நின்னாதான்…" என்று இழுத்தேன். அவர் கருவியை இறக்கவே இல்லை, தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார், 'டக்' என்றது.

"இது உனக்குக் கடையிலயே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் வாங்கினியா?"

"தெரிஞ்சேதான். திட்டணும்னா திட்டிக்கோங்க."

திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதில் சொல்லிச் சமாளித்திருப்பேன், அதற்கு எல்லாம் தயாராகத்தான் வந்திருந்தேன், இவர் கருவியின் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "எப்பிடி இளைச்சுட்டேன் பாரு, கோடு கிழிச்ச மாதிரி இருக்கேன்" என்றார், அப்புறம் தடியைத் தேடினார், எழுந்தார். நான் ஓடிப்போய்ப் படியில் விளக்கைப் போட்டேன், கீழ்ப்படியில் கிடந்த செருப்பை ஒதுக்கினேன், மேலே ஓடி வந்தேன், தண்ணீர் குடிக்கிறீங்களா என்றேன், ஸ்வெட்டர் போட்டுக்கிறீங்களா என்றேன், நாளைக்குப் போகலாமே, இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போது என்று கூட… அட, இதை யார் சொன்னது, நானா? இவர் படியின் மேல் நின்றுகொண்டு கைப்பிடியைப் பிடித்தார். எட்டிப் பார்த்தார், எப்போதும் திரும்பிவிடுகிற இடம் இதுதான். திரும்பவில்லை. ஒரு காலைக் கீழே வைத்தார், தடியை வைத்தார், மற்றக் காலைத் தூக்கினார், பாதியில் நின்றுவிட்டார், எனக்கு உயிரே போய்விட்டது, வலிக்குதா என்றேன், தலை சுத்துதா என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்றார், திரும்பாமலே, மெதுவாக, "நீ சட்டையை விட்டாதான் நான் எறங்க முடியும்."

குனிந்து பார்த்தேன், என் கைதான், அவர் சட்டையின் முதுகுப் பக்கத்தைச் சுருட்டிப் பிடித்திருக்கிறது, எப்போது பிடித்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. போன மாசம் ஒரு நாள், வாசல் வரைக்கும் போயிட்டு வரட்டுமா என்று கேட்டாரே, மழை ஈரம், வழுக்கும் என்றேனே, அன்றைக்கு மழை பெய்ததா? அதற்கு முன்னால் ஒரு தடவை பால் வாங்க நான் போறேன் என்றாரே, அதற்கு என்ன சொன்னேன்… கீழே புல் வாசனை வருகிறது, பின்கதவு திறந்துதான் கிடக்கிறது, குட்டியோ முயலோ இந்நேரம் வந்திருக்கும், இவர் ஒற்றைக் காலைத் தூக்கியபடி பொறுமையாக நிற்கிறார், விடுறேன், இதோ விடுறேன் என்று வாய்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது, பயம் இவருக்கு என்றுதானே இத்தனை நாளும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.