நனையாத சட்டை

திரையில் ஆறு பின்னோக்கி ஓடத் தொடங்கியதும் எனக்கு முன்வரிசையில் இருந்த வாத்தியார் எழுந்துவிட்டார். "செத்தவங்கள வெச்சு வித்தை காட்டுறீங்களா? நிறுத்துங்கய்யா படத்த." எங்கள் மலைநகரமான அயகுச்சோவின் மண்டபத்தில் பாதிப் பேர் அவரோடு சேர்ந்து கத்தினார்கள். அம்மா மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் ஐந்தாம் நாள் அவருடைய துணிகளை ஆற்றில் துவைப்போம். துவைத்தால்தான் அவர் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. உள்நாட்டுச் சண்டையில் என் அண்ணன் ரூஃபினோவைச் சிப்பாய்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது நான் சின்னப் பெண். உடல் கிடைக்கவில்லை. அம்மா அவன் சட்டையைத் துவைக்கவில்லை. காலர் அழுக்கோடு பெட்டியில் வைத்திருந்தாள். தினமும் மதியம் அவனுக்கும் ஒரு கிண்ணம் சூப் ஊற்றுவாள், ஆறியதும் நாய்க்கு வைப்பாள். முப்பது வருஷம் இந்தக் கூத்தைப் பார்த்து எனக்கு வெறுத்துப் போயிற்று.

போன வருஷம் தலைநகர் லிமாவிலிருந்து ஹிமேனா என்று ஒரு இயக்குநர் வந்தாள். துப்பாக்கியும் ரத்தமும் காட்டமாட்டேன், துணி துவைப்பதை மட்டும் எடுப்பேன் என்றாள். நான்தான் அம்மாவை நச்சரித்தேன். "இன்னும் எத்தனை காலம்மா? அவனையும் விடு, என்னையும் விடு." அம்மா கேமரா முன்னால் அழுதுகொண்டே துவைத்தாள். அன்று முதல் மேசையில் இரண்டே கிண்ணம். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

இப்போது பாருங்கள், படுபாவி அதைத் திருப்பி ஓட்டுகிறாள். சட்டை தண்ணீரிலிருந்து எழுந்து உலர்கிறது. காலரில் அழுக்கு வந்து ஏறுகிறது. அம்மாவின் கண்ணீர் கன்னத்திலிருந்து கண்ணுக்குள் போகிறது.

மண்டப வாசலில் ஹிமேனாவைப் பிடித்துக்கொண்டேன். "யாரக் கேட்டு இப்படிப் பண்ணினே?"

"சுடுறதக் காட்டினா பாத்துட்டு மறந்துடுவாங்கக்கா. நடந்தது நடக்காமப் போயிடாதான்னு ஒரு ஏக்கம் இருக்குல்ல, அதத்தான்…"

"நீ நாளைக்கு பஸ் ஏறிடுவே. அம்மாகூட வீட்ல இருக்கப்போறது நான்."

அம்மா என்னை விலக்கிவிட்டு அவள் கையைப் பிடித்தாள். "நீ நல்லா இருப்பே தாயி" என்றாள்.

மறுநாள் மதியம் அம்மா அலமாரியிலிருந்து மூன்றாவது கிண்ணத்தை எடுத்து, தோளில் போர்த்தியிருந்த துணியின் நுனியால் தூசியைத் துடைத்தாள்.

"அம்மா, வேணாம்மா."

"நீயும்தானே பாத்தே. சட்டை நனையவே இல்லையே."

பெரிய உருளைக்கிழங்காகத் தேடிப் போட்டு, விளிம்புவரை ஊற்றினாள். வாசனைக்கு நாய் எழுந்து வந்து மேசையோரம் நின்றது.

"போடா, இன்னும் ஆறல" என்று அம்மா அதைத் தள்ளிவிட்டாள்.