நளீரைக் கடித்த நுளம்பு

டெங்குக் காய்ச்சலில் நளீர் மௌத்தான பிறகு, அம்பிட்டிய வீட்டில் யாரும் நுளம்பு அடிக்கக் கூடாதென்று அவர் மனைவி மஸீனா சொல்லிவிட்டாள்.

கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் அது. அவள் பின்னறையிலேயே கிடந்தாள். விடியலிலும் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகும் நுளம்புகள் வரும். ஒன்று முழங்கையில் உட்கார்ந்தால், அதன் வயிறு சிவந்து ஊதும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். துணைக்கு வந்து தங்கியிருந்த தங்கை றம்ஸியா நுளம்புத்திரி கொளுத்தினால் எழுந்துபோய் அணைத்துவிடுவாள். ஏனென்று கேட்டால் பேசமாட்டாள். ஒருநாள்தான் சொன்னாள்.

"அவர்ட ரத்தம் குடிச்சது இன்னம் இந்த ஊட்டுக்குள்ளதான் இருக்கு. அதுட சத்தம் எனக்குத் தெரியும்."

நுளம்பு அத்தனை நாள் உயிரோடு இராது என்று றம்ஸியா எடுத்துச் சொன்னாள். ஆனாலும், அதன்பின் காதருகே ரீங்காரம் கேட்டால் றம்ஸியாவுக்கே கை ஓங்க வரவில்லை.

இத்தா முடியுமுன் மகள் ஆஸிகாவுக்குக் காய்ச்சல் கண்டது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். நளீரும் அப்படித்தான் சொல்லிப் படுத்தார். மஸீனா எதையும் யோசிக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. நுளம்பு வலைக்குள் பிள்ளையை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தபோது, வலைக்கு வெளியே ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. அதே சத்தம்.

"போங்க," என்றாள் மஸீனா. "புள்ளய உட்டுட்டுப் போங்க."

பிள்ளை தப்பிவிட்டாள்.

வீட்டில் எங்கெங்கே தண்ணீர் தேங்கும் என்று வார்டுத் தாதி சொல்லி அனுப்பியிருந்தாள். மஸீனா அப்படியே தேடினாள். பிரிஜ்ஜை இழுத்துப் பின்பக்கத் தட்டைக் கழற்றியபோது உள்ளே தேங்கிய தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் சின்னப் புழுக்களாய் நெளிந்தன. அதை முற்றத்துக்குக் கொண்டுபோய் வெயில் காய்ந்த சீமெந்தில் கவிழ்த்தாள். ஈரம் வற்றி, நெளிவு அடங்கும்வரை நின்றாள். றம்ஸியா கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"இதுகள்ல அவர்ட ரத்தம் இருந்திருக்குமா?" என்று கேட்டாள்.

"இல்ல தாத்தா," என்று அக்காவிடம் சொன்னாள் றம்ஸியா. அவளுக்கு நிச்சயமில்லை.

அதன்பின் அந்தச் சத்தம் வரவில்லை. சில மாலைகளில், ஆஸிகா தூங்கிய பிறகு, மஸீனா ஃபேனை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தபடி இருப்பாள்.