தலைகீழாக ஏறிய குவளைகள்

உமர் பாரூக்கின் கைக்கட்டை அவிழ்த்த மறுநாளே அவன் அம்மா மெஹபூப் பீ அவலூர்பேட்டைக்கு ஆள் அனுப்பிவிட்டாள். மகனுக்குக் கை குணமாகிவிட்டது, பெண் வீட்டார் வந்து பார்க்கலாம் என்று.

"ஏம்மா பொய் சொல்லி அனுப்பின?" என்றான் உமர்.

"எது பொய்? கட்டு அவுத்தாச்சா இல்லியா?"

கட்டு அவிழ்ந்தது உண்மைதான். ஆனால் விரல்கள் மடங்கவில்லை. சர்க்கரை ஆலையின் கொதிகலன் கூடத்தில் ஆவிக் குழாய் வெடித்தபோது இரண்டு கைகளும் வெந்துபோயிருந்தன. புதுத்தோல் மூடிய விரல்கள் குச்சிபோல் நீட்டிக்கொண்டிருந்தன. அந்த விபத்துக்கு முன்பே அவனுக்கும் அசீசுன்னிசாவுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. அவளுடைய அத்தா சாந்த் பாஷா அவலூர்பேட்டையில் நெல் அரைக்கும் மில் வைத்திருப்பவர். கையில்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று அவர்கள் ஊரான செஞ்சியில் உறவுக்காரர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். உமர் காதிலும் அது விழுந்துதான் இருந்தது. அவன் யாருடனும் பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

மெஹபூப் பீ ஒரு வழி கண்டுபிடித்தாள். விபத்துக்கு முன் உமர் ஒரு சின்ன நீராவி எஞ்சின் செய்துகொண்டிருந்தான். பலகைமேல் அரிசிப் படி அளவில் செம்புக் கொதிகலன், அதன் பக்கத்தில் பித்தளை சிலிண்டர், இரும்புச் சக்கரம். சரியான நேரத்தில் திறந்து மூடும்படி வால்வைப் பொருத்துவது மட்டும்தான் பாக்கி.

"அது ஓடுச்சுன்னா அந்த மனுஷன் கண்ணு அதுமேலதான் இருக்கும். நீ மடியில துண்டைப் போட்டு கையை மறைச்சுக்கிட்டு சும்மா உக்காரு" என்றாள்.

"யார் வால்வைப் பொருத்துறது?"

"தாஹிரா எதுக்கு இருக்கா? நாள் பூரா தையல் மிஷின்ல நோண்டிட்டுதானே இருக்கா."

தாஹிரா உமரின் தங்கை. எட்டாவதோடு நின்றுவிட்டவள். வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொடுப்பாள். அளவு கொடுக்க வரும் பெண்களிடம்கூடத் தலையை ஆட்டித்தான் பதில் சொல்வாள்.

மறுநாள் இருவரும் பலகையின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். சிலிண்டரின் பக்கவாட்டில் இருந்த மூடியை அவள் கழற்றினாள். உள்ளே வழுவழுப்பான தட்டில் மூன்று துவாரங்கள். அவற்றின்மேல் கவிழ்த்த சின்னக் கிண்ணம்போல் வால்வு முன்னும் பின்னும் வழுக்கிப் போனது.

"ஓரத்துல இருக்கிற ரெண்டும் ஆவி உள்ள போற வழி. நடுவுல இருக்கிறது வெளிய போற வழி" என்றான் உமர். "சக்கரத்தை ஒரு சுத்து சுத்து. வால்வு அந்தக் கோடிக்குப் போகும்போது எவ்ளோ தெறக்குது, இந்தக் கோடிக்கு வரும்போது எவ்ளோ தெறக்குது, பாரு."

"அந்தப் பக்கம் நல்லா தெறக்குது. இந்தப் பக்கம் நூலளவுதான்."

"அப்ப வால்வு நடுவுல இல்ல. கம்பியில இருக்கிற நட்டைத் திருகு. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல தெறக்கணும். எக்சென்ட்ரிக்கை இப்ப தொடாத. ரெண்டையும் ஒண்ணா மாத்தினா விடியறவரைக்கும் சரியாவாது."

சக்கரத்தின் அச்சில் மையம் தள்ளிப் பொருத்திய வட்டத்தகடுதான் எக்சென்ட்ரிக். அது சுற்றும்போது வால்வுக் கம்பி முன்னும் பின்னும் போய்வரும். நட்டைத் திருகி வால்வை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு, சிலிண்டருக்குள் போய்வரும் பிஸ்டனை ஒரு கோடியில் நிறுத்தச் சொன்னான். எக்சென்ட்ரிக்கின் திருகைத் தளர்த்தி, சக்கரம் ஓடவேண்டிய பக்கமாக அதைத் தள்ளவேண்டும். பிஸ்டன் நிற்கிற கோடியின் துவாரம் கீற்றாகத் திறக்கும் இடத்தில் திருகை இறுக்கவேண்டும்.

"பிஸ்டன் கெளம்பறதுக்கு முன்னயே கதவு கொஞ்சம் தெறந்திருக்கணும். அவ்ளோதான்."

தாஹிரா எக்சென்ட்ரிக்கைத் தன் பக்கமாகத் தள்ளினாள். தையல் மிஷினின் சக்கரத்தை எப்போதும் தன் பக்கமாகத்தான் சுற்றவேண்டும், எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் அறுந்துவிடும். கை பழகிய பக்கம் போனது. உமரும் கவனிக்கவில்லை. மூடியைப் பொருத்தி சைக்கிள் பம்பால் காற்று அடித்தபோது சக்கரம் கடகடவென்று ஓடியது. பல மாதங்களுக்குப் பிறகு உமர் சிரித்தான்.

சாந்த் பாஷா வந்த அன்று அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு பஸ்ஸில் நின்றபடியே வந்து சேர்ந்திருந்தார்.

"மனுஷன் வர்ற பஸ்ஸா அது? என் செருப்புமேல ரெண்டு பேர் ஏறி வந்தாங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

அவர் வருவதற்குச் சற்று முன்னால்தான் தாஹிரா கடைசிப் பாகத்தை மாட்டியிருந்தாள். உமர் முன்பே செய்துவைத்த சின்னத் தகரக் குவளைகளின் சங்கிலி அது. பழைய கடிகாரத்தின் பல்சக்கரம் வழியாக எஞ்சினோடு இணைந்தது. எஞ்சின் ஓடினால் குவளைகள் கீழே கிண்ணத்துத் தண்ணீரை மொண்டு மேலே வந்து கொட்டும்.

ஸ்பிரிட் விளக்கு எரிந்தது. கொதிகலன் முனகியது. உமர் துண்டுக்கு அடியிலிருந்து முழங்கையை நீட்டி ஆவிக் குழாயின் பிடியைத் தள்ளினான். சக்கரம் சுற்றியது. குவளைகள் எல்லாம் வாயைக் கவிழ்த்துக்கொண்டு மேலே ஏறின. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை.

சாந்த் பாஷா குனிந்து பார்த்துச் சிரித்தார். "இன்னாப்பா இது? வெறுங்குவளை ஊர்வலம் போகுது! திருப்பி ஓடவிடு, பாக்கலாம்."

மெஹபூப் பீ அவசரமாக, "டீ ஆறுது, குடிங்கண்ணே" என்றாள்.

"டீ எங்க போவுது? மாப்பிள்ளை எப்படித் திருப்பறாருன்னு பாக்கணும்."

எக்சென்ட்ரிக்கைப் பக்கம் மாற்றித் தள்ளிவிட்டது தாஹிராவுக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணனைப் பார்த்தாள். அவன் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

"என்னால திருக முடியாது மாமு. விரல் மடங்கல. இதைப் பொருத்தினது தாஹிரா. இப்பவும் அவதான் திருகணும். நான் சக்கரத்தைப் புடிச்சுக்கிறேன்."

மெஹபூப் பீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஆவியை அடைத்து, பிஸ்டன் கோடியில் நிற்கும்படி சக்கரத்தை நிறுத்தி, உமர் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே அதை அழுத்திப் பிடித்தான். சிவந்த தோல் மின்னியது. சூடான மூடியைத் திறந்து துவாரத்தைப் பார்க்க முடியாது, ஆவியின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

"அந்தக் கோடியில தண்ணி வடியற திருகைக் கொஞ்சம் தளத்து. ஆவியைத் துளி தெற. சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"எக்சென்ட்ரிக்கைத் தளத்தி எம்பக்கமா தள்ளு. சத்தம் நிக்கும். நின்னாலும் தள்ளிட்டே இரு. மறுபடி எப்ப கேக்குதோ அங்க இறுக்கு."

அதிகம் பழகாத ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, தாஹிரா தலை குனிந்து தள்ளினாள். சீறல் நின்றது. நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு திடீரென்று மெல்லிய வெள்ளை மூச்சு சிலிண்டரிலிருந்து பீறிட்டது. உமரின் முகம் சட்டென்று திரும்பியது, கண்கள் இறுக மூடின. கைகள் மட்டும் சக்கரத்தை விடவில்லை.

"இறுக்கு" என்றான், கண்ணைத் திறக்காமலே.

அவள் இறுக்கினாள். இந்த முறை சக்கரம் எதிர்ப்பக்கம் ஓடியது. குவளைகள் தண்ணீர் தளும்ப மேலேறி ஒவ்வொன்றாகக் கொட்டின.

சாந்த் பாஷா அதைப் பார்க்கவில்லை. உமரின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதாப்பா? அசீசு கேட்டுட்டு வரச் சொன்னா."

"காலைல எழுந்திருக்கும்போது வலிக்கும்."

"ஆவின்னா பயமா இருக்குதா?"

"இருக்குது மாமு."

"எங்க மில்லு டீசல்ல ஓடுது, நீ வந்து அதைப் பாத்துக்க. நெல்லு அவிக்கிற பக்கம்தான் ஆவி, அதுக்கு வேற ஆளு இருக்காரு, நீ அங்க போக வேணாம்."

மெஹபூப் பீக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப தேதிண்ணே..."

"நோன்பு கழிச்சுன்னுதானே பேசினோம். அதுல இன்னா மாத்தம்? ஆனா ஒண்ணும்மா, இனிமே ஆள் அனுப்பினா உள்ளதைச் சொல்லி அனுப்புங்க." அவர் உமரின் வலது கையைத் தன் கையில் ஏந்தி, ஒரு விரலை மெல்ல வளைத்துப் பார்த்தார். அவன் பல்லைக் கடித்தான். உடனே விட்டுவிட்டார்.

"விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில மெழுகு ஊத்தி விரலை மடக்க வைக்கிறாங்களாம். திங்கக்கெழமை மொத பஸ்ஸுக்கு வரேன். ரெடியா இரு, சேந்து போலாம்."