பிடுங்காத பல்

கிளாரினெட் வாசிக்கிறவனுக்கு மேல்வரிசை முன்பல் வலித்தால், அந்த வலி அவனோடு நின்றுவிடாது. அருளப்பனுக்குப் பல்வலி வந்த நாளிலிருந்து அவன் வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை.

மேலே பல்லால் கவ்வி, கீழே உதட்டால் தாங்கி ஊதுகிற வாத்தியம் அது. பல் ஆடினால் சுருதி ஆடும். பல்லே போய்விட்டால் காற்றுத்தான் வரும். திண்டுக்கல்லில் எந்தச் சப்பரம் புறப்பட்டாலும், எந்த மாப்பிள்ளை அழைப்பு நடந்தாலும், உடையப்பன் மாஸ்டரின் பேண்டு செட்டைப் பேச வருகிறவர்கள், "அருளப்பன் வர்றாருல்ல?" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் தாம்பூலத் தட்டை நீட்டுவார்கள். கன்னியர் மடத்துப் பள்ளியில் சமையல் வேலை பார்க்கும் அவன் மனைவி ஜோஸ்பினுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்துவிடும். புருஷனிடம் மட்டும் அதைச் சொல்ல மாட்டாள். ஏற்கெனவே அவனுக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு.

மதுரையிலிருந்து திண்டுக்கல் ஜில்லா பிரிந்த மறுவருஷம் அது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வலி தொடங்கியது. ஜனவரியில் செபஸ்தியார் திருவிழா. பேண்டு செட்டுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது.

ஒத்திகையில் மாஸ்டர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"ஏலே அருளப்பா, வாத்தியம் ஊதுறியா, அடுப்பு ஊதுறியா?"

"பல்லு வலி மாஸ்டர்."

"எருக்கம்பாலைத் தொட்டு வை. பல்லு தன்னால கழண்டு வந்துரும்."

"கழண்டு வந்துட்டா எதை வச்சு ஊதுறது?"

"கிலுகிலுப்பையை ஆட்டு. அதுக்குப் பல்லு வேணாம்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். அருளப்பனும் சிரித்து வைத்தான். ஆனால் கலைந்து போகும்போது மாஸ்டர் அவன் தோளில் கைபோட்டுத் தணிந்த குரலில் சொன்னது சிரிப்பாக இல்லை. "திருவிழாவுக்குள்ள சரி பண்ணிடுப்பா. இல்லேன்னா மதுரையிலருந்து ஆள் பேசணும். வந்தவன் நல்லா ஊதிட்டான்னா, அப்புறம் அவனைப் போகச் சொல்ல எனக்கு வாய் வராது."

அன்றைக்கு வலி தாங்காமல் எருக்கம்பாலை வைத்தேவிட்டான். விடிந்து பார்த்தால் ஈறு வெந்து, மேலுதடு பன்னு மாதிரி வீங்கியிருந்தது.

ஜோஸ்பின் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். முதலில் கடைவீதியில் இருந்த தனியார் பல் டாக்டரிடம் போய் விசாரித்தாள். அவர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, பல்லைப் பிடுங்காமல் வேரைச் சுத்தம் பண்ணி அடைக்கலாம் என்று விளக்கினார். தொகையையும் சொன்னார். இரண்டு பேர் சம்பாத்தியத்தையும் சேர்த்துப் பட்டினி கிடந்து சேர்த்தாலும் ஈஸ்டருக்குள் சேராத தொகை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கும் வாடகை உண்டு, பிள்ளைகள் உண்டு.

அடுத்து பஸ் ஸ்டாண்டு பக்கம் பல்செட் கட்டுகிறவரிடம் போனாள். "பிடுங்கிட்டு வேற பல்லு வச்சுத் தாரேன் தாயி. கரும்பு கடிக்கலாம்" என்றார்.

"கரும்பு வேணாம்ண்ணே. கிளாரினெட்டு கடிக்கலாமா?"

அவர் யோசித்தார். "அதுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது" என்று உண்மையைச் சொன்னார். பொய் சொல்லிக் காசு வாங்காத அந்த மனிதருக்காகவும் அவள் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள்.

மிச்சம் இருந்தது பெரியாஸ்பத்திரி ஒன்றுதான்.

"ஓசி வைத்தியத்துக்கு என்னையக் கொண்டுபோயி வரிசையில நிறுத்தப் போறியா?" என்று அருளப்பன் துள்ளினான். "ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்ச மூஞ்சி இது."

"அந்த மூஞ்சிதான் வீங்கிக் கெடக்கே. இப்ப யாருக்கும் அடையாளம் தெரியாது, வாங்க."

பல் வைத்தியப் பகுதிக்கு வெளியே நீளப் பெஞ்சில் கூட்டம். மில் வேலைக்காரர்கள், சந்தைக்கு வந்தவர்கள், கைக்குழந்தையோடு பெண்கள். உள்ளே போகிறவர் எல்லாரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பும்போது பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர்கூட வேறு மாதிரி வரவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க ஜோஸ்பின் ஜெபமாலையை முந்தானைக்குள் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் ஓர் இளம்பெண். நர்கீஸ் என்று வாசலில் பெயர் எழுதியிருந்தது. அருளப்பனின் வாயைத் திறக்கச் சொன்னவள் முகம் சுளித்தாள்.

"ஈறு ஏன் இப்படி வெந்திருக்கு? என்ன வச்சீங்க?"

"எருக்கம்பாலு" என்றாள் ஜோஸ்பின்.

"கண்ணுல பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். சரி, ஊசி போட்டு எடுத்துடலாம்." டாக்டரின் கை குறட்டின் பக்கம் போனது.

"டாக்டரம்மா, செத்தப் பொறுங்க. பிடுங்காதீங்க."

அடுத்துக் காத்திருந்தவர்கூட எட்டிப் பார்த்தார். அருளப்பன் கூச்சத்தில் அவள் சேலையைப் பிடித்து இழுத்தான். ஜோஸ்பின் விடவில்லை. அவன் தொழில் இன்னது, அந்தப் பல் இருந்தால்தான் ஊத முடியும், திருவிழா நெருங்கிவிட்டது என்று மளமளவென்று சொல்லி முடித்தாள். கெஞ்சவில்லை. கடையில் இது வேண்டாம், அது வேண்டும் என்று கேட்கிற மாதிரி நிமிர்ந்து நின்று கேட்டாள்.

டாக்டர் குறட்டைத் தட்டில் வைத்தாள்.

"இங்க வந்து ரெண்டு வருஷமாச்சும்மா. 'சீக்கிரம் பிடுங்கி விடுங்க, பஸ்ஸுக்குப் போகணும்'னுதான் எல்லாரும் சொல்வாங்க. பிடுங்காதீங்கன்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நான் மெட்ராஸ்ல படிச்சது பல்லைக் காப்பாத்தத்தான்."

பிறகு ஒளிக்காமல் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். பல்லைப் படம் எடுக்க அங்கே மிஷின் இல்லை. வேரைச் சுத்தம் பண்ணுகிற மெல்லிய ஊசிகள், படிக்கும்போது வாங்கியவை, தன்னிடம் இருக்கின்றன. அடைக்கிற மருந்தை மட்டும் மதுரையில் வாங்கி வர வேண்டும். காலைக் கூட்டம் முடிந்த பிறகுதான் பார்க்க முடியும். பல தடவை வர வேண்டும். "பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். பலிச்சாலும் பல்லு கறுத்துரும். சம்மதமா?"

"கறுத்தா என்ன, சப்பரத்துல பல்லையா பார்ப்பாங்க?" என்றான் அருளப்பன், ஆஸ்பத்திரிக்கு வந்தபின் முதல்முறையாகப் பேச்செடுத்து.

அன்றே பல்லின் பின்பக்கம் துளை போட்டுச் சீழை வெளியேற்றினாள். வீட்டுக்குப் போவதற்குள் பாதி வலி இறங்கிவிட்டது. கிறிஸ்துமஸ் சேலைக்கு ஒதுக்கி வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு ஜோஸ்பின் மதுரைக்கு பஸ் ஏறினாள். பழைய சேலையைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு நடுச்சாமப் பூசைக்குப் போனபோது அவளுக்குக் குறையே தோன்றவில்லை.

அதன்பின் மதிய நேரங்களில், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே, டாக்டர் அவன் பல்லோடு மல்லுக்கட்டினாள். ஒருமுறை மறுபடி வீங்கியது. டாக்டர், "நான் விட மாட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீக்கம் வடிந்தது. அடைக்கிற நாள் வந்தபோது, "வாத்தியத்தைக் கொண்டு வாங்க. எந்த இடத்துல அழுத்தம் விழுதுன்னு நான் பார்க்கணும்" என்றாள்.

பல் நாற்காலியில் உட்கார்ந்து அருளப்பன் கிளாரினெட்டை வாயில் வைத்தான். பயந்து பயந்து ஊதினான். டாக்டர் குனிந்து பார்த்து, பல் விளிம்பை லேசாக ராவி, மறுபடி ஊதச் சொன்னாள். மறுபடி ராவினாள். மூன்றாம் முறை மாதா பாட்டு ஒன்று, ஒழுகாமல், உடையாமல், முழுசாக எழுந்து தாழ்வாரம் நெடுகப் போனது. வார்டிலிருந்து ஒரு பெரியவர் சத்தம் போட்டார்: "யாருப்பா அது? உள்ள கல்யாணமா, சாவா?"

"ரெண்டும் இல்லய்யா, பல்லு!" என்று வெளியே யாரோ பதில் கொடுத்தார்கள்.

டாக்டர் கையுறையைக் கழற்றாமல் நின்று கேட்டாள். அவள் முகத்தில் இருந்த பெருமையை ஜோஸ்பின் கண்டாள். நல்ல வேலை செய்து முடித்தவர்களுக்கு ஆண்டவர் கொடுக்கிற கூலி அது என்று அவளுக்குப் பட்டது.

"உங்களுக்கு நாங்க என்ன தரணும் டாக்டரம்மா?" என்றான் அருளப்பன்.

"இது கவர்ன்மெண்டு ஆஸ்பத்திரி. ஒண்ணும் தரக் கூடாது."

"அப்ப உங்களுக்காகச் செபம் பண்ணுறோம்" என்றாள் ஜோஸ்பின்.

"அதை வேணாம்னு சொல்ல எந்தச் சட்டமும் இல்லை" என்று நர்கீஸ் சிரித்தாள்.

மதுரையிலிருந்து ஆள் வரவில்லை. திருவிழா மாலையில் செபஸ்தியார் சப்பரம் கோயில் வாசலை விட்டு இறங்கியபோது, முன்வரிசையில் அருளப்பன் நின்றான். மூச்சை இழுத்து உச்சத்தைப் பிடித்தான். ஜோஸ்பின் சப்பரத்தைப் பார்க்கவில்லை. செபஸ்தியார் மன்னிப்பார் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நடுங்கவே இல்லை. மாஸ்டர் குச்சியை ஆட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள், "இம்புட்டு நல்லா ஊதுறாரே, யாருக்கா அது?"

"என் வீட்டுக்காரருதான்." இத்தனை வருஷத்தில் அதை அவள் இவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.

அப்போதுதான் கவனித்தாள். அந்தப் பெண் தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள்.

"பல்லா?"

"ஆமாக்கா. திங்கக்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போயிப் பிடுங்கிரலாம்னு இருக்கேன்."

"போ. ஆனா உக்காந்த உடனே 'காப்பாத்த முடியுமா'ன்னு கேளு. எல்லாப் பல்லையும் காப்பாத்த முடியாதுதான். கேட்டாத்தானே தெரியும்?"

"டாக்டர்கிட்டப் போயி அப்படியெல்லாம் கேக்கலாமாக்கா? எனக்கு நாக்கு எந்திரிக்காதே."

சப்பரம் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. ஜோஸ்பின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை வாசல்ல நில்லு. நான் கூட வாரேன்."