நம்பர் இல்லாத வண்டி

தேவசகாயத்தின் மோட்டார் சைக்கிளில் பின்பக்க நம்பர் பிளேட்டை மறுபடியும் காணோம். பொழுது விடிந்ததும் பல்கூட விளக்காமல் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தவன், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. ஒரே மாதத்தில் இது மூன்றாவது தடவை.

பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவன். திண்டிவனத்தில் ஒரு பம்புசெட் கம்பெனியில் வேலை. விழுப்புரம் வரைக்கும் எந்தக் கிணற்றடியில் ஆயில் இன்ஜின் மூச்சை நிறுத்தினாலும் அவன்தான் ஓட வேண்டும். அதற்காகவே பட்டாளத்தில் கழித்துக் கட்டிய வண்டி ஒன்றை வாங்கி, தானே பிரித்துப் பூட்டி ஓடவைத்திருந்தான். அது ஐம்பத்தெட்டாம் வருஷம். அவன் குடியிருந்த சேரியில் மொத்தம் இரண்டு சைக்கிள்தான் இருந்தன, அதில் ஒன்றுக்குச் செயின் கிடையாது.

முதல் தடவை பிளேட் போனபோது ரோட்டைத்தான் சந்தேகப்பட்டான். அந்த ரோட்டில் போனால் மனுஷன் குடலே கழன்று விழும், இரண்டு போல்ட் எம்மாத்திரம்? அந்த லட்சணத்தில் விழுப்புரத்தில் போலீஸ்காரரிடம் மாட்டினான். அவர் நாலு வார்த்தை சொல்லி விட்டுவிட்டார். புதுத் தகட்டில் நம்பர் எழுதி வாங்கி, நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் கொடுத்து முடுக்கினான். பத்தாம் நாள் அதுவும் போயிற்று. அதே போலீஸ்காரர் இந்தத் தடவை அவன் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி நம்பர் இல்லாம வந்தின்னா வண்டி ஸ்டேஷன்லதான் நிக்கும். கோர்ட்டுல வந்து பேசிக்கோ" என்றார்.

வண்டி ஸ்டேஷனில் நின்றால் கம்பெனி வேலை போச்சு. வேலை போனால், அவன் அப்பன் நின்ற மாதிரி ஊர்த்தெருப் பண்ணைக்காரர் சுப்பராயலு நிலத்து வரப்பில் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

"நம்பரை நீ தின்னுக்கினு கீறியா இன்னா?" என்று கேட்டுக்கொண்டேதான் திண்டிவனத்துப் பெயிண்டர் சவுரிராயன் மூன்றாவது தகட்டை எழுதிக் கொடுத்தான். தேவசகாயம் இந்த முறை ஒரு போல்ட்டுக்கு இரண்டு நட்டு போட்டான். அதற்கு மேல் கட்டுக்கம்பியை நுழைத்து, கட்டிங் பிளேயரால் முறுக்கோ முறுக்கென்று முறுக்கி விட்டான். யானை வந்து இழுத்தாலும் வராது என்று நினைத்தான். யானை வரவில்லை. பிளேட் மட்டும் போய்விட்டது.

எழுந்து டூல் பையைத் திறந்தான். நாலு நட்டும் உள்ளே பத்திரமாக இருந்தன. கட்டுக்கம்பி அறுபடவில்லை, பொறுமையாக முறுக்கைப் பிரித்து வளையமாகச் சுற்றி வைத்திருந்தது. ஸ்பேனரைத் துடைத்து, அவன் எப்போதும் சுற்றுகிற அதே துணியில் சுற்றியிருந்தது. எந்தத் திருடன் ஸ்பேனரைத் துடைத்து வைப்பான்? இரண்டாவது தகடு போனதிலிருந்து ஊர்த்தெரு விடலைகளைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குள் இருதயமேரி கேப்பைக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"மேரி, பிளேட் எங்க?"

அவள் திரும்பவில்லை. "மூணும் தானியப் பானையில கீது."

"ஏன்?"

"நம்பர் இல்லாத வண்டி ரோட்டுல போவக் கூடாதுன்னு நீதானய்யா சொன்ன? எடுத்துட்டா போவ மாட்டன்னு பாத்தேன். நீ அப்பவும் போய்க்கினே இருந்த."

"வேலைக்குப் போவாம?"

அவள் துடுப்பை வைத்துவிட்டு அழுதாள். மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டப் போனபோது சுப்பராயலு கூப்பிட்டுச் சொன்னாராம்: உன் புருஷன் எங்க தெருவுல வண்டியோட போறது நல்லா இல்ல, கை கால் நல்லா இருக்கும்போதே சொல்லி வை என்று.

"அந்தத் தெருவுல ஏறி ஓட்டாதய்யா. எறங்கித் தள்ளிக்கினு போ. ஒரு பர்லாங்குதான? உனக்கு இன்னா கொறைஞ்சிடும்?"

தேவசகாயம் அடுப்பிலிருந்து கூழை இறக்கி வைத்தான். சொல்லாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் மறைத்து மறைத்து அலுத்திருந்தது.

"நான் ஏறி ஓட்டுனதே இல்ல மேரி."

சேரியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஊர்த்தெருவை விட்டால் வண்டி போக வேறு வழி இல்லை. வீட்டு வாசலில் ஜம்மென்று ஏறிக் கிளம்புவான். தெருமுனையில் இறங்கிவிடுவான். இன்ஜினை மட்டும் அணைக்க மாட்டான். கிளட்ச்சைப் பிடித்தும் விட்டும் வண்டிக்குப் பக்கத்திலேயே நடப்பான், சத்தம் கேட்டால் வீட்டில் இருப்பவள் புருஷன் ஏறித்தான் போகிறான் என்று நினைக்கட்டும் என்று. பார்த்த சேரி ஆட்கள் அவளிடம் சொன்னதில்லை. அவர்களும் அந்தத் தெருவைச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கடக்கிறவர்கள்தானே.

"எத்தினி நாளா?"

"வண்டி வாங்குன நாள்லேர்ந்து."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப அந்தாளு எதுக்கு என்னாண்ட அப்பிடிச் சொன்னான்?"

"தள்ளிக்கினு போறதும் பொறுக்கல."

அதைச் சொல்லும்போதுதான் அது அவனுக்கே உறைத்தது. இரண்டு வருஷமாக, மழையிலும் வெயிலிலும், ஒன்றுக்கும் உதவாத ஒரு காரியத்தைச் செய்துவந்திருக்கிறான். மேரி எழுந்துபோய்ப் பானைக்குள் கைவிட்டு, மேலாக இருந்த தகட்டை எடுத்து ஊதி அவனிடம் கொடுத்தாள். அவள் பிடித்துக்கொள்ள, அவன் இரண்டு போல்ட்டையும் போட்டு முடுக்கினான். கட்டுக்கம்பியை எடுக்கவே இல்லை. கழற்றுகிறவளே பிடித்துக்கொண்டு நிற்கும்போது அது எதற்கு?

வண்டியில் ஏறிக் கிளம்பினான். ஊர்த்தெரு முனை வந்தது. இறங்க வேண்டிய இடம் அதுதான். கால் இறங்கத் தயாராகத்தான் இருந்தது, உடம்பு எழவில்லை. வீரம் என்றெல்லாம் ஒன்றும் இல்லை, வெறும் அலுப்பு. இரண்டாம் கியருக்கு மாற்றினான். மாடு ஓட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருந்த சுப்பராயலு குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"எறங்கலியாடா?"

"வேலைக்கு நேரமாவுதுங்க" என்றான் தேவசகாயம்.

அவர் அடுத்து என்ன சொன்னாரோ, இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. மெயின் ரோடு ஏறி, காற்று முகத்தில் அடித்த பிறகுதான், சாயங்காலம் இதே தெரு வழியாகத்தான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவனுக்கு நினைவு வந்தது.